எனக்குப் பயணம் சொல்லவில்லை

வாங்க மேடம், உக்காருங்க. அந்த நாற்காலி வேணாம், கால் ஆடும். இதுல உக்காருங்க. காலேஜ்லேருந்து ஒரு மேடம் வருவாங்க, விழிப்புணர்வுக் கூட்டத்துல பேச உங்களைக் கூப்பிடுவாங்கன்னு பிரின்சிபால் நேத்தே போன்ல சொல்லிட்டாரு. எனக்கு ஒரே சிரிப்பு. நான் பத்தாவது பாஸ் மேடம். காலேஜ் வாசல்ல நின்னு ஹால் டிக்கெட் ஜெராக்ஸ் எடுத்துக் குடுத்திருக்கேன், அம்புட்டுதான் எனக்கும் காலேஜுக்கும்.

ஆனா ஒண்ணு. வெளிநாட்டு வேலைன்னு மெயில்ல வருது பாருங்க, அதுல எது அசல் எது போலின்னு பாத்துச் சொல்ல இந்தப் பேராவூரணிப் பக்கம் என்னை விட்டா ஆள் கிடையாது. பெருமைக்குச் சொல்லலை. போலீஸ் ஏட்டு ஒருத்தர், மச்சானுக்கு வந்ததை மடிச்சுப் பையில வெச்சுக்கிட்டு இங்கதான் வந்தாரு. போலீஸே என்கிட்ட வருது, பாத்துக்குங்க.

நோட்டு எடுங்க. நான் சொல்லச் சொல்ல எழுதிக்குங்க. நான் கோர்வையாப் பேச மாட்டேன், நடுவுல எங்கயாவது போயிடுவேன், நீங்கதான் புடிச்சு இழுக்கணும்.

மொதல்ல அந்தச் சுவத்தைப் பாருங்க. கேலண்டருக்குப் பக்கத்துல. ஒட்டி வெச்சிருக்கேன்ல, அத்தனையும் இந்த ஜெராக்ஸ் கடைக்குப் பிரிண்ட் எடுக்க வந்தவங்க மெயில். சிவப்புப் பேனாவால வட்டம் போட்டது நான். எங்கெங்க பொய் இருக்கோ அங்கங்க ஒரு வட்டம். இல்லை மேடம், பேரை அழிக்கலை. அழிச்சா மத்தவங்களுக்கு எப்புடிப் புத்தி வரும்? இன்னாரு ஏமாறப் பாத்தாருன்னு தெரிஞ்சாத்தானே நாலு பேரு உஷாரா இருப்பாங்க.

அந்த மூணாவது, மூலை கிழிஞ்சிருக்கே, அது சின்னையன்னு ஒரு கொத்தனாரோடது. கனடாவுல பெரிய ஆஸ்பத்திரியில 'தலைமை மருந்தாளுநர்' வேலைன்னு வந்திருக்கு. கொத்தனாருக்கு! அவருக்கு இங்கிலீஷ் தெரியாது, எதோ கட்டட வேலைன்னு நெனச்சுட்டாரு. புதுச் சட்டை போட்டு, பொண்டாட்டியையும் கூட்டிக்கிட்டு, 'பாத்துச் சொல்லுங்கக்கா'ன்னு வந்து நிக்கிறாரு. கடை நெறைய கூட்டம். நான் சத்தமாப் படிச்சேன். படிச்சு முடிச்சிட்டு, 'அண்ணே, மருந்து எப்புடிக் கலக்குவீங்க, கொத்துக் கரண்டியாலயா?'ன்னேன். கடையே சிரிச்சிருச்சு. அவரு பொண்டாட்டியும் முந்தானையால வாயைப் பொத்திக்கிட்டு சிரிக்குது. அவரு பேப்பரைப் புடுங்கிக்கிட்டுப் போனாரு. அதான் மூலை கிழிஞ்சது. நான் இன்னொண்ணு பிரிண்ட் எடுக்கலாம்னு பாத்தேன், அவரே அதை வாசல்ல வீசிட்டுப் போயிருந்தாரு, எடுத்து ஒட்டிட்டேன். இப்ப ஆதார் ஜெராக்ஸ் எடுக்கறதுக்குக் கூட பஸ் ஏறி டவுனுக்குப் போறாராம். போகட்டும். நான் காப்பாத்திவிட்டேன், அவருக்கு அது கசக்குது. நல்லது சொல்றவங்களை யாருக்கு மேடம் புடிக்கும்?

சரி, எழுதிக்குங்க. அனுப்புனவன் விலாசத்தை மொதல்ல பாக்கணும். ஆயிரம் பேரு வேலை பாக்கற கம்பெனி, நீங்களும் நானும் வெச்சிருக்கற மாதிரி இலவச மெயில்லேருந்தா கடுதாசி போடுவான்? அப்புறம், நேர்ல பாக்காம, மூஞ்சியைக் கூட காட்டாம, வாட்சப்புல பத்து நிமிஷம் எழுதிக் கேட்டுட்டு 'நீங்க தேர்வாயிட்டீங்க'ன்னா அது போலி. அப்புறம் விசா. 'இப்ப சுற்றுலா விசாவுல வாங்க, வந்தப்புறம் வேலை விசாவா மாத்திக்கலாம்'னு எவன் சொல்றானோ அவன் ஆளை முழுங்கறவன். இதை ரெண்டு கோடு போட்டு எழுதுங்க.

இன்னொண்ணு இருக்கு. இதை யாரும் சொல்ல மாட்டாங்க, நான்தான் சொல்றேன். எல்லாரும் என்ன சொல்றாங்க? காசு கேட்டா போலின்னு சொல்றாங்க. டிவியில சொல்றாங்க, போஸ்டர்ல போடறாங்க. அதனால நம்ம ஆளுங்க என்ன நெனச்சுட்டாங்க, காசு கேக்காதவன் அசல்னு நெனச்சுட்டாங்க. டிக்கெட்டும் அவனே அனுப்பறான், தங்க இடமும் அவனே குடுக்கறான்னா அவன் ஏன் பொய் சொல்லப் போறான்னு கேக்கறாங்க. மேடம், காசு கேக்கறவனுக்கு உங்க காசு வேணும். காசு கேக்காதவனுக்கு நீங்க வேணும். அவன்தான் கொலைகாரன்.

எப்புடித் தெரியும்னா... என் ஓரகத்தி மவன் அப்புடித்தான் போனான்.

ஆமா, சொந்தம்தான். எங்க வீட்டுக்காரரோட தம்பி வீரையன் மவன். இளம்பருதின்னு பேரு, பருதி பருதின்னு கூப்பிடுவோம். கடைக்குப் பின்கட்டுதான் என் வீடு; அவங்க வீடு இதே செக்கடித் தெரு, நாலு வீடு தள்ளி. எனக்குப் புள்ளை இல்லை மேடம். அவனை இடுப்புல தூக்கிக்கிட்டு நான்தான் பால்வாடிக்கு விட்டுட்டு வருவேன். அவன் ஆத்தா செண்பகம் அப்ப நடவுக்குப் போயிடுவா. 'பெரிம்மா, பெரிம்மா'ன்னு என் முந்தானையை விட மாட்டான். அதெல்லாம் ஒரு காலம்.

இந்த விஷயத்தைச் சொல்லணும்னா எங்க வீட்டுக்காரர் கதையைக் கொஞ்சம் சொல்லணும். அவரு பேரு துரைமாணிக்கம். இருவத்திரெண்டு வருசத்துக்கு முன்னாடி துபாய்க்கு ஆள் எடுக்கறேன்னு ஒரு ஏஜெண்டு வந்தான். அப்ப மெயில் ஏது? வெள்ளைச் சட்டை போட்டுக்கிட்டு பைக்ல வந்தான். இவரும் கிளம்பிட்டாரு. தெருவே வந்து வழியனுப்புச்சு. மாலை என்ன, சூடம் என்ன, தேங்கா என்ன. பம்பாய் வரைக்கும் போனாரு. ஏஜெண்டைக் காணோம். பத்தொம்பது நாள் அங்க ரயிலடியில கிடந்துட்டு அதே சூட்கேஸோட திரும்பி வந்தாரு. தெருப் பசங்க 'துபாய், துபாய்'னு கூப்பிட்டானுங்க. சாகற வரைக்கும் அவருக்கு அதான் பேரு. சாவுக்கு வந்தவன் ஒருத்தன், 'துபாய்க்காரர் வீடு எது'ன்னு கேட்டுக்கிட்டு வந்தான் மேடம், என் காதுபட.

அதோட விட்டாங்களா? என் வாசல் ராசியில்லைன்னுட்டாங்க. என் கையால திருநீறு வாங்கிக்கிட்டுப் போனாரு, போன காரியம் கெட்டுச்சு, அதனால என் கை ராசியில்லை. என் முகத்துல முழிச்சா பயணம் வெளங்காது. நேரா யாரும் சொல்ல மாட்டாங்க. ஆனா தெருவுல எவனாவது வெளியூர் கிளம்பறான்னா, நான் வாசல்ல நிக்கறனான்னு எட்டிப் பாத்துட்டுத்தான் காலை எடுத்து வெப்பான்.

எங்க பக்கத்துல ஒரு வழக்கம் உண்டு. நீங்க எந்த ஊரு? கோயமுத்தூரா? உங்க பக்கம் இருக்கோ என்னமோ. வெளிநாடு போறதுன்னா டிக்கெட் கையில வர்ற வரைக்கும் யார்கிட்டயும் மூச்சு விட மாட்டாங்க. கண்ணு பட்டுடும். தம்பிக்கு அண்ணன் சொல்ல மாட்டான். கிளம்பறதுக்கு ரெண்டு நாள் முன்னாடிதான் வெளிய சொல்லுவாங்க. சொந்தக்காரங்க வீடு ஒவ்வொண்ணா ஏறி இறங்கி, 'போயிட்டு வர்றேன்'னு பயணம் சொல்லிக்கிட்டு வரணும். அந்த வீட்டுப் பொம்பளை ஒரு வாய் இனிப்பு குடுத்து, திருநீறு பூசி, 'நல்லபடியாப் போயிட்டு வா'ன்னு சொல்லணும். அப்ப எதுவும் எடக்கா கேக்கக் கூடாது. எங்க போறே, எந்தக் கம்பெனி, யாரு கூட்டிக்கிட்டுப் போறா, எதையும் கேக்கக் கூடாது. கேட்டா அபசகுனம். பயணம் சொல்லாம ஒரு வீட்டைத் தாண்டிப் போனா, அந்த வீட்டை அத்து விட்டாச்சுன்னு அர்த்தம்.

போன வருசம் ஐப்பசி மாசம். நல்ல மழை. மத்தியானம் நான் சோறு போட்டுக்கிட்டு உக்காந்திருக்கேன். பருதி வந்தான். டிப்ளமோ படிச்சிட்டு மூணு வருசமா செல்போன் கடையில நின்னுக்கிட்டிருந்தான், இருவத்தாறு வயசு. 'பெரிம்மா, நீங்க சாப்பிடுங்க, எந்திரிக்காதீங்க. ஒரு பிரிண்ட்தான், நானே எடுத்துக்கறேன்'னான். எடுத்துக்கடான்னேன். மெஷினுக்கு முன்னாடி முதுகைக் காட்டி நின்னுக்கிட்டு மூணு காப்பி எடுத்தான். சட்டைக்குள்ள வெச்சுக்கிட்டான். என்னடா அதுன்னேன். 'சும்மா பெரிம்மா, செல்போன் கம்பெனி ட்ரைனிங்'னான். சொல்லும்போது சுவத்தைப் பாத்தான், என்னைப் பாக்கலை.

பொய். என் கடையில நின்னுக்கிட்டு என்கிட்டயே பொய்.

அவன் மெயிலை மூடிட்டான், ஆனா இறக்குன கடிதம் கம்ப்யூட்டர்லயே கிடந்துச்சு. கையைக் கழுவிட்டு வந்து திறந்து பாத்தேன். ஏன் பாக்கக் கூடாது? என் கம்ப்யூட்டர்.

தாய்லாந்துல வேலை. வாடிக்கையாளர் சேவை அதிகாரி. டைப் அடிக்கத் தெரிஞ்சாப் போதும். டிக்கெட் அவங்க, சாப்பாடு அவங்க, தங்கறது அவங்க. சம்பளம் நம்ம தாசில்தாரை விட ஜாஸ்தி. நேர்முகத் தேர்வு வாட்சப்புல முடிஞ்சிருச்சு. சுற்றுலா விசாவுல வரணும். ஆபீஸ் விலாசத்தை மேப்புல போட்டுப் பாத்தேன், ஒரு மீன் மார்க்கெட் நடுவுல கொண்டு போய் நிறுத்துச்சு. அஞ்சு நிமிஷம் ஆகலை மேடம். ஒரு பிரிண்ட் எடுத்து சிவப்புப் பேனாவை எடுத்தேன். ஏழு வட்டம். என் கடைக்கு வந்ததுலயே அதிக வட்டம் அதுக்குத்தான்.

எந்திரிச்சேன். செருப்பு கூட போட்டேன். நாலு வீடுதானே. அப்பதான் மனசுக்குள்ள ஒண்ணு உறுத்துச்சு. என்கிட்ட எதுக்கு மறைச்சான்? ஊரே என்கிட்ட வந்து காட்டுது, நான் வளத்த புள்ளை முதுகைக் காட்டிக்கிட்டு நிக்கிறான். அவன் ஆத்தாதான் சொல்லி அனுப்பிருப்பா, 'பெரிம்மா கண்ணுல காட்டாதே, அவ கண்ணு பட்டா வெளங்காது'ன்னு. சரி. அப்புடியா. பயணம் சொல்ல என் வாசப்படி ஏறித்தானே ஆகணும். அன்னைக்குத் திருநீறோட இதையும் கையில குடுக்கலாம், அப்ப தெரியும் யாரு கண்ணு நல்ல கண்ணு யாரு கண்ணு கொள்ளிக் கண்ணுன்னு. செருப்பைக் கழட்டிட்டேன். கடுதாசியை மேசை டிராயர்ல வெச்சேன்.

பதினாறு நாள் மேடம். பதினாறு நாளும் டிராயரைத் திறந்து திறந்து பாத்துக்கிட்டேன், பத்திரமா இருக்கான்னு.

ஒரு வெள்ளிக்கிழமை. தெருவுல பேச்சு அடிபட்டுச்சு, பருதி ஃபாரின் போறான், ஞாயித்துக்கிழமை கிளம்பறான்னு. வெள்ளிக்கிழமை சாயங்காலமே பயணம் சொல்ல வர்றாங்க. நான் கடையைச் சீக்கிரமே சாத்திட்டேன். வாசலை மொழுகி கோலம் போட்டேன். கேசரி கிண்டுனேன், நெய் தாராளமா விட்டு. தட்டுல திருநீறு. டிராயர்லேருந்து கடுதாசியை எடுத்து தட்டுக்கு அடியில வெச்சேன்.

பக்கத்து வீட்டுக்குள்ள போறது கேக்குது. சிரிப்புச் சத்தம், 'நல்லா இரு ராசா'ங்கறது எல்லாம் கேக்குது. வெளிய வந்தாங்க. நான் தட்டை எடுத்துக்கிட்டு நிலைப்படிகிட்ட நிக்கறேன். பருதி என்னைப் பாத்துட்டான். ஒரு அடி என் பக்கம் எடுத்து வெச்சான், பொய் சொல்ல மாட்டேன், எடுத்து வெச்சான். செண்பகம் அவன் முழங்கையைப் புடிச்சா. 'நேரமாச்சுடா'ன்னா. அம்புட்டுதான். என் வாசலைத் தாண்டி அந்தப் பக்கத்து வீட்டுக்குள்ள ஏறிட்டாங்க.

எனக்கு வயிறு எரிஞ்சுச்சு மேடம். ஒளிவு மறைவு எதுக்கு? பத்தி எரிஞ்சுச்சு. கேசரியை அப்புடியே கொண்டு போய் கொல்லையில கொட்டுனேன். கோழி தின்னுச்சு.

ஞாயித்துக்கிழமை காலையில கார் வந்துச்சு. எங்க தெருவுலேருந்து மெயின் ரோட்டுக்குப் போறதுன்னா என் கடையைத் தாண்டித்தான் போகணும். அவங்க என்ன செஞ்சாங்க தெரியுமா? மேக்கால குளத்தங்கரை இருக்கு, மாட்டு வண்டி போற வழி, மழையில ஒரே சேறு. என் வாசலைத் தாண்டக் கூடாதுன்னு காரை அந்த வழியா விட்டாங்க. நான் மாடியில துணி காயப் போட்டுக்கிட்டு நிக்கறேன். நூறு அடி போகலை, வண்டி சேத்துல சிக்கிருச்சு. ஆம்பளைங்க எல்லாம் இறங்கித் தள்ளுறாங்க. பருதியும் இறங்கினான். புது ஷூ, புது பேண்ட், முட்டி வரைக்கும் சேறு. தோளைக் குடுத்துத் தள்ளுறான், ஏலேலோன்னு. நகர மாட்டேங்குது வண்டி. கால் மணி நேரம். அந்த மண்ணுக்கு இருந்த அறிவு அந்த வீட்டுல ஒருத்தருக்கும் இல்லை.

கடுதாசியா? கையில இருந்துச்சு. ஏன்னு கேக்காதீங்க, மாடிக்கு எடுத்துக்கிட்டுப் போயிருந்தேன்.

அவன் நிமிந்தான். என்னைப் பாத்தான். கையைத் தூக்கி ஆட்டுனான், சேத்துக் கையை. நான் திரும்பிக்கிட்டு கொடியில துணியை நிமித்தி விட்டேன். மறுபடி பாக்கும்போது கார் போயிருச்சு.

என்ன மேடம் அப்புடிப் பாக்கறீங்க? கூப்பிட்டிருக்கலாம்ங்கறீங்களா? பயணம் கிளம்புன ஆளைப் பின்னாலேருந்து கூப்பிடலாமா? யாராவது கூப்பிடுவாங்களா? அதுவும் நான்? நான் கூப்பிட்டு அவன் நின்னிருந்தா, நாளைக்கு ஊர் என்ன சொல்லும்? 'வந்த வேலையைக் கெடுத்தா பாவி, தன் புருஷன் போகாத ஊருக்கு அடுத்தவ புள்ளை போகக் கூடாதுன்னு தடுத்தா'ன்னு சொல்லும். அவன் இங்கயே செல்போன் கடையில நின்னுக்கிட்டு, காலத்துக்கும் என்னைத்தான் வைஞ்சுக்கிட்டிருப்பான். அவன் போயி நான் கெட்டவளா ஆகலை, போகாம இருந்திருந்தா கெட்டவளா ஆயிருப்பேன். இது உங்களுக்குப் புரியுதா? நீங்க படிச்சவங்க, புரியும்.

இறங்குன அன்னைக்கு ஏர்போர்ட்ல நின்னு போட்டோ அனுப்புனான். தெரு பூரா காட்டுனா செண்பகம், என்னைத் தவிர. மறுநாள் வேன்ல ஏத்தி எட்டு மணி நேரம் கொண்டு போயிருக்கானுங்க. அப்புறம் ஒரு ஆறு. படகுல அந்தப் பக்கம். அந்தப் பக்கம் வேற நாடாம். பாஸ்போர்ட்டு, போன் எல்லாத்தையும் புடுங்கிட்டானுங்க. நாப்பது நாள் கழிச்சு யார் போன்லேருந்தோ ரெண்டு நிமிஷம் பேசிருக்கான். ஒரு பெரிய கட்டடமாம், சுத்தி வேலியாம், துப்பாக்கி வெச்சுக்கிட்டு நிக்கறானுங்களாம். வேலை என்னன்னா, இதே மாதிரி போலி மெயில் எழுதி நம்ம ஊரு ஆளுங்களுக்கு அனுப்பறதுதான். தமிழ் தெரிஞ்சவன் தமிழ் ஆளுங்களைப் புடிக்கணும். ஒரு நாளைக்கு இத்தனை பேரு சிக்கணும்னு கணக்கு. சிக்கலைன்னா சோறு கிடையாது. அதுக்கும் மேலன்னா கரண்டு வெக்கறானுங்களாம். 'அம்மா, கால் நகம் ரெண்டு இல்லம்மா'ன்னுருக்கான். அதோட சரி. போன் கட்.

அப்பதான் வந்தா. செண்பகம். பத்து வருசத்துக்கப்புறம் என் வாசப்படி ஏறுனா. கலெக்டருக்கு மனு அடிக்கணும், கவர்மெண்டுல சொல்லி புள்ளையை மீட்டுத் தரணும்னு. நான் அடிச்சுக் குடுத்தேன் மேடம். ஒரு எழுத்துப் பிழை இல்லாம, ரெண்டு பக்கம். அடிக்கும்போதே அவ அழுதுக்கிட்டு உக்காந்திருக்கா, நீங்க உக்காந்திருக்கீங்களே, அதே நாற்காலியில. திடீர்னு என் கையைப் புடிச்சுக்கிட்டா. 'அக்கா, அந்தக் கடுதாசியை நீங்க பாத்திருந்தா கண்டுபுடிச்சிருப்பீங்கல்ல?'ன்னா.

'பாக்கக் குடுத்தாத்தானே?'ன்னேன்.

நெத்தியில அடிச்சுக்கிட்டா. மடேர் மடேர்னு. 'நான்தான்க்கா வேணாம்னேன், அவன் உங்ககிட்ட காட்டணும்னுதான் சொன்னான், சுவத்துல ஒட்டிருவாங்களேன்னு பயந்தான், நானும் கண்ணு படும்னு தடுத்துட்டேன்'னா. என் கால்ல விழுந்தா. தூக்கி விட்டேன். சரி விடு, நடந்தது நடந்துருச்சுன்னேன். காப்பி போட்டுக் குடுத்தேன். அன்னைக்கு எனக்கு மனசு லேசா இருந்துச்சு மேடம். இருவது வருசத்துப் பாரம். நல்லாத் தூங்குனேன்.

அதுலேருந்து தெனம் சாயங்காலம் வருவா. 'கலெக்டர் ஆபீஸ்லேருந்து மெயில் வந்துச்சாக்கா?' அதே கேள்வி. வீரையன் படுத்த படுக்கையாயிட்டாரு. இவ வந்து உக்காந்துக்கிட்டு அந்த ஸ்கிரீனையே பாத்துக்கிட்டிருப்பா. படிக்கத் தெரியாது, ஆனாலும் பாப்பா.

உங்க கூட்டத்துக்குத் திரையில காட்ட ஒரு நல்ல மாதிரி வேணும்னு பிரின்சிபால் கேட்டாரு. எடுத்து வெச்சிருக்கேன், இந்தாங்க. இதை விடச் சுத்தமான போலி உங்களுக்குக் கிடைக்காது. போன மாசம் எட்டாம் தேதி கடை மெயிலுக்கு வந்துச்சு. எல்லா வட்டமும் போட்டுட்டேன். ஒண்ணொண்ணாச் சொல்றேன் எழுதிக்குங்க.

அனுப்புனவன் இலவச மெயில். ஒரு வட்டம். கீழ கையெழுத்து யாருன்னு பாருங்க. 'சீனியர் மேனேஜர், மிஸஸ் மங்கையர்க்கரசி துரைமாணிக்கம்.' என் பேரு, எங்க வீட்டுக்காரர் பேரு. விலாசம், 'பன்னெண்டு, செக்கடித் தெரு, பேங்காக்.' பேங்காக்ல ஏது செக்கடித் தெரு? பெரிய வட்டம். தகுதி என்ன போட்டுருக்கு? 'சிவப்புப் பேனாவால் திருத்தத் தெரிந்திருக்க வேண்டும்.' எந்தக் கம்பெனியாவது இப்புடிக் கேக்குமா? அடுத்தது, 'அலுவலகம் ஆற்றின் மறுகரையில், நீலக் கூரை, மூன்றாம் மாடி, பின்புறம் இரண்டு செல்போன் கோபுரம், அருகில் சர்க்கரை ஆலை.' கூரை என்ன நிறம்னு எவனாவது வேலைக் கடுதாசியில எழுதுவானா? வட்டம். 'இந்தக் கிளையில் முப்பத்தொரு இந்தியர்கள், அதில் ஆறு பேர் தஞ்சாவூர் மாவட்டம்.' தேவையில்லாத வெவரம், வட்டம். கடைசியா அவசரப்படுத்தறான் பாருங்க. 'மூன்று நாளில் பதில் வராவிட்டால் ஊழியர்கள் வேறு கிளைக்கு மாற்றப்படுவார்கள், அதன் பிறகு தொடர்பு கொள்ள இயலாது.' போலின்னா அவசரம் இருக்கும். எழுதிக்குங்க, முக்கியம்.

அவன்தான் மேடம். எனக்குத் தெரியாதா? பாத்த உடனே தெரிஞ்சுருச்சு. பக்கத்துல நின்னு ஒருத்தன் பாத்துக்கிட்டிருப்பான், அதனால இப்புடி எழுதிருக்கான். புத்திசாலி. நான் வளத்தவன்ல. ஆனா ஒண்ணு பாருங்க, இதுலயாவது 'பெரிம்மா'ன்னு ஒரு வார்த்தை இருக்கா? மேலயும் கீழயும் தேடிட்டேன். 'அன்புள்ள விண்ணப்பதாரருக்கு'ன்னு ஆரம்பிக்கறான். நான் விண்ணப்பதாரரா?

செண்பகத்துக்கிட்ட சொன்னேனாவா? அன்னைக்கு சாயங்காலமும் வந்தா. 'மெயில் எதாவது வந்துச்சாக்கா?'ன்னா. 'வந்துச்சு, ஒரு வேலை மெயில், போலி'ன்னேன். பொய்யில்லையே. 'எந்தப் புள்ளையைக் கொண்டுபோகப் பாக்கறானுங்களோ'ன்னு கண்ணைத் தொடச்சுக்கிட்டு எந்திரிச்சுப் போனா.

போலீஸ்கிட்ட எப்புடிக் குடுக்கறது? நீங்க பாட்டுக்கு சொல்லிட்டீங்க. குடுத்தா வந்து கம்ப்யூட்டரைத் தூக்கிக்கிட்டுப் போவான். எந்தக் கடுதாசியை எந்தத் தேதியில திறந்தோம்னு எல்லாம் அதுக்குள்ள இருக்குமாமே. ஐப்பசி மாசத்துலேருந்து நோண்டுவான். எனக்கு எதுக்கு அந்த வம்பு? இப்பத்தான் அவ அக்கா அக்கான்னு வந்து உக்காந்துக்கிட்டிருக்கா.

என்ன மேடம், எழுதறதை நிறுத்திட்டீங்க? எங்க எந்திரிக்கறீங்க? பேப்பரை மடிக்காதீங்க, திரையில கோடு விழும்.

பதில் போட்டேனாவா? என்ன இப்புடிக் கேக்கறீங்க, புள்ளைங்களுக்குப் பாடம் எடுக்கறவங்க? போலி மெயிலுக்கு எக்காரணம் கொண்டும் பதில் போடக் கூடாது. அதை மொத வரியா எழுதிக்குங்க.